ஆழமில்லாக் கடலுக்கு எந்த ரெகுலேட்டர்?

ஆவுடையார்கோவில் என்றால் மாணிக்கவாசகரையும் கொடுங்கைக் கல்வேலையையும்தான் எல்லோரும் சொல்வார்கள். கடலைச் சொல்பவர்கள் குறைவு. ஆனால் அங்கிருந்து மீமிசல் சாலையில் அரை மணி நேரம் போனால் பாக் விரிகுடாவின் கரை வந்துவிடும். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மணமேல்குடி எல்லாம் அதே கரையில்தான் இருக்கின்றன. 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய கடலில் 448 சதுர கிலோமீட்டரை கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் கடற்பசுவுக்கென்று ஒதுக்கப்பட்ட முதல் கடல் பரப்பு இது. அந்தக் கடற்பசு மேயும் கடற்புல் வெளிகளைப் பார்க்கவும் அளக்கவும் ஆய்வாளர்கள் தண்ணீருக்குள் இறங்குகிறார்கள்.

ஆய்வாளர்கள் மட்டும் அல்ல. இந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் வேலைக்குப் போனவர்களில் சிலர் அங்கே ஸ்கூபா கற்றுக்கொண்டு திரும்புகிறார்கள். இன்னும் சிலர் புதுச்சேரியிலோ அந்தமானிலோ பயிற்சி முடித்து, ஆண்டுக்கு ஓரிரு முறை கடலுக்குள் இறங்குகிறார்கள். ஆர்வம் கொஞ்சம் வேரூன்றியதும் இவர்கள் எல்லோருக்கும் வரும் கேள்வி, சொந்தமாக ஒரு ரெகுலேட்டர் வாங்கலாமா, வாங்கினால் எதை வாங்குவது என்பதுதான். கடையில் ஒரே மாதிரி தோன்றும் இரண்டு ரெகுலேட்டர்களின் விலை மூன்று மடங்கு வித்தியாசப்படும். விலை குறைந்ததை வாங்கினால் உயிருக்கு ஆபத்தோ என்ற பயமும் கூடவே வரும்.

அந்தப் பயத்துக்கு இயற்பியல் நல்ல பதில் வைத்திருக்கிறது. ரெகுலேட்டர் என்ன வேலை செய்கிறது என்பது புரிந்துவிட்டால், எதற்குப் பணம் கொடுக்க வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது தானாகவே விளங்கும்.

குழாய் ஏன் போதாது?

நீளமான குழாய் ஒன்றின் ஒரு முனையைத் தண்ணீருக்கு மேலே வைத்து, மறுமுனையை வாயில் கவ்விக்கொண்டு இரண்டு மீட்டர் ஆழத்தில் மூச்சு விட முடியுமா? முடியாது. குழாயின் மேல்முனை திறந்திருந்தாலும், காற்றுக்குக் குறைவே இல்லை என்றாலும் முடியாது. தண்ணீர் நம் மார்பை எல்லாப் பக்கமிருந்தும் அழுத்துகிறது. குழாயில் இருப்பதோ கரையின் காற்றழுத்தம். மார்பை விரிக்க வேண்டுமானால் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மூச்சுத் தசைகள் தனியாகத் தூக்கியாக வேண்டும். ஆரோக்கியமான ஒருவர் முழு பலத்தோடு மூச்சை இழுத்தாலே ஏறத்தாழ ஒரு மீட்டர் நீரின் அழுத்தத்தைத்தான் ஒரு கணம் சமாளிக்க முடியும். தொடர்ந்து மூச்சு விடுவது அதற்கு வெகு முன்பே நின்றுபோகும்.

ஆகவே கடலுக்குள் மூச்சு விட வேண்டுமானால், நாம் இருக்கும் ஆழத்தின் அழுத்தத்துக்குச் சமமான அழுத்தத்தில் காற்று வாய்க்கு வந்து சேர வேண்டும். கடல்நீரில் பத்து மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். மேற்பரப்பில் 1 பார், பத்து மீட்டரில் 2 பார், இருபதில் 3, முப்பதில் 4. ஆழம் நொடிக்கு நொடி மாறும். அந்த மாற்றத்தைக் காற்றும் அதே நொடியில் பின்தொடர வேண்டும்.

சிலிண்டரில் இருப்பதோ 200 பார். உலகம் முழுவதும் சுற்றுலா மூழ்கலில் அதிகம் புழங்கும் அலுமினியச் சிலிண்டரின் கொள்ளளவு ஏறத்தாழ 11 லிட்டர். அதில் 200 பாரில் அடைத்தால் சுமார் 2,200 லிட்டர் காற்று. நேராக வாயில் விட்டால் நுரையீரல் கிழிந்துவிடும். 200 பாரை, அந்தக் கணத்தில் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்குக் கொண்டுவந்து, கேட்கும்போது மட்டும் கொடுத்து, கேட்காதபோது நிறுத்திக்கொள்வதுதான் ரெகுலேட்டரின் வேலை.

சமையலறையில் பார்த்த வால்வு

கேஸ் சிலிண்டரின் தலையில் மாட்டும் ரெகுலேட்டரை எல்லோரும் பார்த்திருப்போம். அதற்குள் ஒரு ரப்பர் சவ்வு, ஒரு ஸ்பிரிங், ஒரு சின்ன வால்வு. சிலிண்டரின் உயர்ந்த அழுத்தத்தை அடுப்புக்கு ஏற்ற அளவுக்கு அது குறைத்துத் தருகிறது. மூழ்குபவரின் ரெகுலேட்டரும் அதே குடும்பம்தான். சமையலறை வால்வின் சவ்வுக்கு மறுபக்கம் இருப்பது அறையின் காற்று. மூழ்குபவரின் வால்வில் மறுபக்கம் இருப்பது கடல். நீரின் அழுத்தம் கூடினால் அது சவ்வைத் தள்ளும். வால்வு அந்த அளவுக்கு அதிக அழுத்தத்தில் காற்றை விடும். ஆழத்தை அளக்கத் தனிக் கருவியே தேவைப்படாமல், கடலே வால்வை இயக்குகிறது.

இந்த உறவு வரலாற்றிலும் உண்டு. 1860-களில் பிரான்சில் சுரங்கப் பொறியாளர் பெனுவா ரூக்கேரோலும் கடற்படை அதிகாரி ஒகுஸ்த் தெனேரூஸும் கேட்கும்போது காற்றுத் தரும் வால்வை உருவாக்கினார்கள். அந்தக் காலத்துச் சிலிண்டர்கள் உயர்ந்த அழுத்தத்தைத் தாங்காததால் அது பெரிதாகப் பரவவில்லை. இரண்டாம் உலகப் போரில் பிரான்சில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, கார்களை வாயுவில் ஓட்டுவதற்காக ஏர் லிக்வீட் நிறுவனத்தின் பொறியாளர் எமீல் காஞ்ஞான் ஒரு வால்வைச் செய்திருந்தார். கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோ அவரைத் தேடிப் போனார். இருவரும் சேர்ந்து அந்த வால்வைக் கடலுக்கு ஏற்றபடி மாற்றினார்கள். 1943-இல் அக்வா-லங் பிறந்தது. இன்று நாம் வாங்கும் ஒவ்வொரு ரெகுலேட்டரும் அதன் வழித்தோன்றல்.

இரண்டு படிகள்

இன்றைய ரெகுலேட்டர் அழுத்தத்தை இரண்டு படிகளில் இறக்குகிறது. சிலிண்டர் வால்வில் மாட்டும் உலோகப் பகுதி முதல் நிலை. அது 200 பாரைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிட 9, 10 பார் மட்டும் கூடுதலான அளவுக்குக் குறைக்கிறது. இதை இடைநிலை அழுத்தம் என்பார்கள். வாயில் கவ்வும் பகுதி இரண்டாம் நிலை. அதற்குள் மெல்லிய ஒரு சிலிக்கோன் சவ்வும் ஒரு நெம்புகோலும் இருக்கும். நாம் மூச்சை இழுத்ததும் உள்ளே அழுத்தம் சற்றே குறையும். சவ்வு உள்ளே வளைந்து நெம்புகோலை அழுத்தும். வால்வு திறக்கும். மூச்சை விட்டதும் மூடிக்கொள்ளும். நல்ல நிலையில் உள்ள ரெகுலேட்டரில், இரண்டரை முதல் நான்கு சென்டிமீட்டர் நீரைத் தூக்கும் அளவு இழுவை இருந்தாலே வால்வு திறந்துவிடும்.

புதியவர்களுக்குத் தைரியம் தரும் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இன்று விற்கும் இரண்டாம் நிலைகள் பெரும்பாலும், காற்று ஓடும் திசையிலேயே வால்வு திறக்கும்படி அமைக்கப்பட்டவை. தேய்ந்தாலோ, முதல் நிலையில் கோளாறு வந்து இடைநிலை அழுத்தம் ஏறினாலோ, அவை மூடிக்கொள்வதில்லை. திறந்துகொண்டு காற்றைக் கொட்டும். காற்று வீணாகும், சத்தம் கலங்கடிக்கும், ஆனால் மூச்சுக்குக் காற்று இருக்கும். மேலே வருவதற்கு நேரம் கிடைக்கும். இந்தப் பாதுகாப்பு விலை குறைந்த மாடலிலும் இருக்கிறது, விலை உயர்ந்த மாடலிலும் இருக்கிறது.

பிஸ்டனா, டயஃப்ரமா?

விலை பிரிவது பெரும்பாலும் முதல் நிலையில்தான். அதில் இரண்டு வகைகள் உண்டு.

பிஸ்டன் வகையில் ஒரு உலோகத் தண்டு ஸ்பிரிங்கின் தாங்கலில் முன்னும் பின்னும் நகர்ந்து காற்றை விடும், அடைக்கும். எளிய பிஸ்டன் மாடல்களில் நகரும் பகுதிகள் மிகக் குறைவு. ஸ்கூபாப்ரோ நிறுவனத்தின் எம்.கே.2 இதற்கு நன்கு தெரிந்த உதாரணம். பல பயிற்சி நிலையங்கள் மாணவர்களுக்கு இந்த வகை ரெகுலேட்டர்களையே கொடுக்கின்றன. பலர் கையில் புழங்கினாலும் தாங்கும், பிரித்துச் சுத்தம் செய்வதும் சுலபம்.

இந்த எளிய வகைக்கு ஒரு குறை உண்டு. சிலிண்டரின் அழுத்தமும் வால்வின் மீது நேரடியாக ஒரு தள்ளு கொடுக்கிறது. சிலிண்டர் நிறைந்திருக்கும்போது அந்தத் தள்ளு அதிகம், காலியாகும்போது குறைவு. அதனால் மூழ்கலின் கடைசியில் இடைநிலை அழுத்தம் ஒன்றிரண்டு பார் இறங்கும், மூச்சு சற்றுக் கனமாகும். சமன்செய்த வகையில், அது பிஸ்டனாக இருந்தாலும் டயஃப்ரமாக இருந்தாலும், இந்தத் தள்ளு இரு பக்கமும் ஈடுசெய்யப்பட்டிருக்கும். சிலிண்டர் நிறைந்திருந்தாலும் குறைந்திருந்தாலும் மூச்சு ஒரே மாதிரி வரும். விலை கூடுவதற்கான முதல் காரணம் இதுதான்.

இந்தச் சமன்செய்யும் வசதி நமக்கு எவ்வளவு தேவை? ஆழத்தில் காற்று அடர்த்தியாகிறது. முப்பது மீட்டரில் நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் மேற்பரப்பைவிட நான்கு மடங்கு காற்று இருக்கும். அவ்வளவு காற்றை ஒரு சின்னத் துளை வழியாக வேகமாகத் தர வேண்டும் என்றால் நல்ல ரெகுலேட்டர் தேவை. அதே ஆழத்தில் இரண்டு பேர் ஒரே சிலிண்டரிலிருந்து மூச்சு விட நேர்ந்தால் தேவை இன்னும் கூடும். பத்து மீட்டரில் இந்தச் சுமை பாதிதான். 50 பார் மிச்சம் வைத்து மேலே வரும் பழக்கம் உள்ளவருக்குச் சிலிண்டர் ஏறக்குறைய காலியாகும் நிலையே வராது. எனவே பதினெட்டு மீட்டருக்குள் மூழ்கும் ஒருவருக்கு எளிய பிஸ்டன் முதல் நிலையே போதும். அடிக்கடி முப்பது மீட்டர் இறங்குபவர் சமன்செய்த வகைக்குக் கூடுதலாகக் கொடுப்பதில் நியாயம் உண்டு.

டயஃப்ரம் வகையில் கடலுக்கும் உள்ளிருக்கும் பாகங்களுக்கும் நடுவே ஒரு சவ்வு நிற்கும். உப்பும் மணலும் வால்வின் பாகங்களைத் தொடாது. சாதாரண பிஸ்டன் வகையிலோ, ஸ்பிரிங் இருக்கும் அறைக்குள் கடல்நீர் நேராக வந்து போகும். அந்தமானின் தெளிந்த நீரில் இது பெரிய விஷயமில்லை. ஆனால் பாக் விரிகுடாவின் கரையோரம் சேறும் வண்டலும் நிறைந்தது. அங்கே அடிக்கடி மூழ்கிக் கடற்புல்லை அளப்பவருக்கு, உள்ளே நீர் புகாதபடி அடைத்த டயஃப்ரம் வகை கூடுதல் விலைக்குத் தகும். ஆண்டுக்கு ஒரு முறை அந்தமானுக்கோ திருகோணமலைக்கோ போகும் பயணிக்கு அந்தச் செலவு அவசியமில்லை.

நம் கடல் என்ன கேட்கிறது?

விலை உயர்ந்த ரெகுலேட்டர்களின் விளம்பரத்தில் குளிர்நீர்ச் சோதனை பற்றி நிறைய இருக்கும். காற்று 200 பாரிலிருந்து 10 பாருக்கு விரியும்போது கடுமையாகக் குளிர்கிறது. பனிக்கட்டி விளிம்பில் உள்ள ஐரோப்பிய ஏரிகளில் இந்தக் குளிர் முதல் நிலையைச் சுற்றியுள்ள நீரையே உறைய வைத்து வால்வைத் திறந்த நிலையில் பூட்டிவிடும். அதைத் தடுக்கத்தான் வெப்பம் கடத்தும் துடுப்புகள், எண்ணெய் நிரப்பிய அறைகள், சிறப்புப் பூச்சுகள் எல்லாம். நம் கடலின் மேல்நீரோ பெரும்பாலும் 25 முதல் 31 டிகிரி செல்சியசுக்குள் இருக்கும். நம்மவர்கள் அதிகம் போகும் அந்தமான், இலங்கை, மாலத்தீவு, மலேசியா எல்லாமே வெதுவெதுப்பான நீர்தான். குளிர்நீர் வசதிக்குக் கொடுக்கும் பணம் இங்கே வீண்.

ஐரோப்பியத் தரக்குறியீடான ஈ.என். 250-ஐப் பார்த்து வாங்குவது அதைவிட முக்கியம். இந்தத் தரத்தில் ரெகுலேட்டரை 50 மீட்டர் ஆழத்துக்கு இணையான அழுத்தத்தில், நிமிடத்துக்கு 62.5 லிட்டர் என்ற கடும் மூச்சு வேகத்தில் இயந்திரத்தால் சோதிப்பார்கள். ஒரு லிட்டர் காற்றை இழுத்து விடுவதற்கு ஆகும் உழைப்பு 3 ஜூலுக்கு மேல் போகக்கூடாது. குளிர்நீர்ச் சோதனையில் தேறாதவற்றில் 10 டிகிரிக்கு மேற்பட்ட நீருக்கு மட்டும் என்று குறித்திருப்பார்கள். அந்தக் குறியைப் பார்த்துத் தயங்க வேண்டாம். நம் கடலுக்கு அது போதும். எண்ணை அடுத்து ஏ என்ற எழுத்து இருந்தால், ஆபத்தில் இன்னொருவருக்கும் சேர்த்துக் காற்றுத் தரும் சோதனையிலும் அது தேறியது என்று பொருள். இந்த முத்திரை உள்ள விலை குறைந்த மாடலும் இதே தேர்வில் தேறியதுதான். பத்துப் பதினைந்து மீட்டரில் நிதானமாக நீந்துபவர் இந்தச் சோதனையின் எல்லைக்குப் பக்கத்தில்கூடப் போவதில்லை.

ஆழங்களைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம். பாக் விரிகுடாவின் மிக ஆழமான பகுதியே 13 மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். 1991-இல் தேசியக் கடலாய்வு நிறுவனத்தின் தொல்லியல் குழு பூம்புகாருக்கு அப்பால் குதிரைலாட வடிவ அமைப்பைக் கண்டது 23 மீட்டரில். பொழுதுபோக்கு மூழ்கலில் தொடக்கச் சான்றிதழின் எல்லை 18 மீட்டர், அடுத்த படிக்கு 30, எப்படிப் பார்த்தாலும் 40-க்கு மேல் கூடாது. 1942 ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அதைப் பார்க்கப் போவது வேறு வகைப் பயிற்சி, வேறு வகைக் கருவி. நம்மில் பெரும்பாலோர் செய்யும் மூழ்கலுக்கு அந்தக் கருவி வேண்டியதில்லை.

பயணத்துக்கு ஏற்றது எது?

சிலிண்டரை யாரும் விமானத்தில் தூக்கிப் போவதில்லை. போகும் இடத்தில் வாடகைக்குக் கிடைக்கும். அதனால் நம் ரெகுலேட்டர் அங்குள்ள சிலிண்டர் வால்வில் பொருந்த வேண்டும். இரண்டு வகைப் பொருத்தங்கள் உண்டு. யோக் வகையில் ஒரு வளையம் வால்வை வெளியிலிருந்து கவ்வும். டின் வகையில் ரெகுலேட்டர் வால்வுக்குள் திருகி இறங்கும். ஓ-ரிங் எனப்படும் ரப்பர் வளையம் உள்ளே பத்திரமாக அடைபடுவதால் டின் உறுதியானது. ஆனால் இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் அதிகம் கிடைப்பது யோக். கைச்செலவைக் குறைக்க நினைப்பவர் யோக் வாங்கினாலே போதும். ஐரோப்பாவுக்கோ செங்கடலுக்கோ போகும் எண்ணம் உள்ளவர் டின் வாங்கி, யோக்குக்கு மாற்றும் அடாப்டர் ஒன்றைக் கூடவே வைத்துக்கொள்ளலாம்.

எடையும் கணக்கில் வர வேண்டும். உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலும் செக்-இன் பைக்கு 15 கிலோ, கைப்பைக்கு 7 கிலோ. முதல் நிலை, இரண்டாம் நிலை, ஆக்டோபஸ் எனப்படும் உபரி இரண்டாம் நிலை, பிரஷர் கேஜ், குழாய்கள் எல்லாம் சேர்ந்து இரண்டு கிலோவை ஒட்டி வரும். கைப்பையிலேயே வைத்துக்கொள்வது நல்லது. எடை குறைப்பதற்காகச் செய்த பயண மாடல்கள் தனியாக உண்டு. அவற்றில் மிச்சமாவது சில நூறு கிராம்தான். அந்தச் சில நூறு கிராமுக்குக் கொடுக்கும் கூடுதல் விலை, துடுப்பையோ உடையையோ மாற்றினால் மிச்சமாகும் எடையோடு ஒப்பிட்டால் அதிகம்.

எடை குறைக்க இன்னொரு வழியாக, பின்னல் உறை போட்ட மெல்லிய குழாய்களைச் சொல்வார்கள். சுருட்டி வைக்க வசதியானவை. ஆனால் அவற்றில் சிலவற்றின் உட்புறம் பாலியூரித்தேனால் ஆனது. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அது மெல்ல மெல்லச் சிதைந்து, படிகங்களாகக் குழாய்க்குள்ளேயே படிந்து காற்றோட்டத்தை அடைத்த சம்பவங்கள் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. வெயிலும் ஈரப்பதமும் குறையாத நம் ஊரில் பழைய ரப்பர் குழாயே நம்பகமானது. அதில் வெடிப்பு விழுந்தால் கண்ணுக்குத் தெரியும், மாற்றிவிடலாம்.

வாங்கும் முன் கேட்க வேண்டியது

ரெகுலேட்டரின் விலை கடையில் கொடுப்பதோடு முடிவதில்லை. உள்ளே உள்ள ஓ-ரிங்குகளும் வால்வு வந்து அமரும் சீட்டும் தேயும் பொருட்கள். தயாரிப்பாளர் சொல்வதைப் பொறுத்து ஓராண்டுக்கோ இரண்டாண்டுக்கோ ஒரு முறை, அல்லது நூறு மூழ்கலுக்கு ஒரு முறை பிரித்துச் சுத்தம் செய்து இவற்றை மாற்ற வேண்டும். அதனால் எந்த மாடல் என்று கேட்பதற்கு முன்பு, இதை யார் சர்வீஸ் செய்வார், சர்வீஸ் கிட் இந்தியாவில் கிடைக்குமா, எத்தனை நாளில் திரும்பி வரும் என்று கேளுங்கள். சென்னைக்கோ கோவாவுக்கோ அனுப்பினால் சர்வீஸ் ஆகும் எளிய மாடல், உதிரிபாகமே வராத உயர்ந்த மாடலைவிட ஆயிரம் மடங்கு மேல். எளிய பிஸ்டன் வகையில் மாற்ற வேண்டிய பாகங்களும் குறைவு, செலவும் குறைவு.

பயன்படுத்தியதை வாங்குவதும் நல்ல வழிதான், பரிசோதித்து வாங்கினால். முதலில் முதல் நிலையின் நுழைவாயிலில் உள்ள உலோக வடிகட்டியைப் பாருங்கள். பச்சை படிந்திருந்தால் உள்ளே ஈரம் புகுந்திருக்கிறது. செம்பழுப்பு என்றால் இரும்புச் சிலிண்டரின் துரு. கருப்பு என்றால் சுத்தமில்லாத கம்ப்ரசர் காற்று. அடுத்து, காற்றைத் திறக்காமல் வாயில் வைத்து மெதுவாக உறிஞ்சுங்கள். காற்று எதுவும் வரக்கூடாது. வந்தால் சவ்வோ வெளியேற்று வால்வோ பழுது. கடைசியாக, இடைநிலை அழுத்தத்தை அளக்கும் சின்ன கேஜ் ஒன்றை, மிதப்புச் சட்டைக்குக் காற்றுத் தரும் இன்ஃப்ளேட்டர் குழாயில் மாட்டிச் சிலிண்டரைத் திறந்து பாருங்கள். முள் ஓர் இடத்தில் போய் அசையாமல் நிற்க வேண்டும். மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனால் சீட் தேய்ந்திருக்கிறது. இந்தச் சோதனைகளில் தேறினாலும், முழு சர்வீஸ் செலவை விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

வாங்கிய பிறகு பராமரிப்புக்கு ஆகும் செலவு நல்ல தண்ணீர்தான். ஒவ்வொரு மூழ்கலுக்குப் பிறகும் முதல் நிலையின் மூடியை ஈரம் துடைத்து இறுக மூடி, நன்னீரில் ஊற வைக்க வேண்டும். ஊறும்போது இரண்டாம் நிலையின் பொத்தானை அழுத்தக் கூடாது. அழுத்தினால் வால்வு திறந்து தண்ணீர் குழாய் வழியாக முதல் நிலைக்குள் ஏறும். நம் கரையோர ஊர்கள் பலவற்றில் போர் தண்ணீரே உவர்ப்பாக இருக்கும். அதில் அலசினால் உப்பை உப்பால் கழுவுவதாகிவிடும். குடிக்கும் தண்ணீரில் அலசுங்கள். பிறகு நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் போட்டு வைக்காதீர்கள்.

மலிவு என்ற பெயரில் வரும் ஆபத்து

குறைந்த விலை ரெகுலேட்டரை நான் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். ஆனால் மலிவு என்ற பெயரில் சந்தைக்கு வரும் இரண்டு பொருட்களை அதே அழுத்தத்தோடு மறுக்கிறேன்.

ஒன்று, கையால் பம்ப் அடித்து நிரப்பலாம் என்று இணையத்தில் விற்கும் அரை லிட்டர் குட்டிச் சிலிண்டர். அரை லிட்டரில் 200 பார் அடைத்தால் 100 லிட்டர் காற்று. சாதாரணமாக ஒருவருக்கு நிமிடத்துக்கு 20 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், பத்து மீட்டரில் அது 40 ஆகும். இரண்டரை நிமிடத்தில் காற்று தீர்ந்துவிடும். பதற்றத்தில் இன்னும் சீக்கிரம். பயிற்சியே இல்லாத இளைஞர்கள் இதைக் கவ்விக்கொண்டு இறங்குவதுதான் பெரிய பயம். அழுத்தக் காற்றை ஒரு முறை சுவாசித்துவிட்டு, மூச்சைப் பிடித்தபடி பத்து மீட்டரிலிருந்து மேலே வந்தால், நுரையீரலில் உள்ள காற்று இரண்டு மடங்கு விரியும். நுரையீரல் கிழிந்து காற்றுக் குமிழி ரத்தத்தில் புகுந்தால் மரணம்கூட நேரலாம். அதற்குப் பத்து மீட்டர்கூட வேண்டாம். ஒன்றிரண்டு மீட்டர் ஆழமே போதும். ஸ்கூபா பயிற்சியில் முதல் நாளே கற்பிக்கும் விதி, மூச்சை ஒருபோதும் அடக்காதே என்பதுதான்.

இரண்டாவது, படகுக் கம்ப்ரசர். தூத்துக்குடியிலும் கீழக்கரையிலும் சங்குகுளி தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக மூச்சடக்கி இறங்கியவர்கள். அந்தக் கடலில் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றது. சங்கு எடுப்பது தொடர்ந்தது. கடந்த சில பத்தாண்டுகளில் பலர் படகில் கம்ப்ரசர் வைத்து, நீண்ட பிளாஸ்டிக் குழாயைப் பல்லில் கவ்விக்கொண்டு மணிக்கணக்கில் அடியில் இருக்கத் தொடங்கினார்கள். இழுக்கும்போது மட்டும் திறக்கும் வால்வு அதில் இல்லை. சரியான வடிகட்டி இல்லை. எஞ்சின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடும் எண்ணெய் ஆவியும் காற்றோடு உள்ளே போகும். எஞ்சின் நின்றால் மூச்சு நின்றது. ஆழத்தில் அதிக நேரம் இருந்ததால் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், மேலே வரும்போது குமிழிகளாகி மூட்டையும் தண்டுவடத்தையும் தாக்குகிறது. இதனால் கால் முடங்கியவர்களும் உயிரிழந்தவர்களும் உண்டு. நம் கரையில் அழுத்தக் காற்றின் ஆபத்தை உடலால் அறிந்தவர்கள் இவர்கள். அவர்கள் கையில் பாதுகாப்பான கருவியும் பயிற்சியும் கிடைக்காமல் போனதற்கு நாம் எல்லோருமே வெட்கப்பட வேண்டும்.

இந்த நைட்ரஜன் பிரச்சினை ரெகுலேட்டரால் தீராது. எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் அது காற்றைத் தருமே தவிர, எவ்வளவு நேரம் கீழே இருக்கலாம் என்று சொல்லாது. அதைச் சொல்வது டைவ் கம்ப்யூட்டர்.

பணத்தை எந்த வரிசையில் செலவழிப்பது?

என் கணக்கு இது. முதல் செலவு பயிற்சிக்கு. அடுத்தது முகத்தில் கச்சிதமாகப் பொருந்தும் மாஸ்க். மூன்றாவது டைவ் கம்ப்யூட்டர். ரெகுலேட்டர் நான்காவதாக வரட்டும். ஆண்டுக்கு நான்கைந்து முறை மட்டும் மூழ்குபவர் நல்ல நிலையத்தில் வாடகைக்கு எடுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். பெரும்பாலான இடங்களில் மூழ்கல் கட்டணத்திலேயே ரெகுலேட்டரும் அடங்கிவிடும். சர்வீஸ் செலவு நம் தலையில் விழாது.

அதற்கு மேல் மூழ்குபவர்கள் சொந்தமாக வாங்கலாம். வாங்கும்போது ஈ.என். 250 முத்திரை உள்ள, எளிய பிஸ்டன் முதல் நிலையும் சாதாரண இரண்டாம் நிலையும் கொண்ட, யோக் பொருத்தமுள்ள, ரப்பர் குழாய் போட்ட, நம் நாட்டில் சர்வீஸ் ஆகும் ஒரு செட்டை வாங்குங்கள். ஆக்டோபஸையும் பிரஷர் கேஜையும் விட்டுவிடாதீர்கள்; அவை அவசியம். சேற்று நீரில் வேலை செய்பவர் என்றால் அடைத்த டயஃப்ரம் வகைக்குப் போங்கள். முப்பது மீட்டரை அடிக்கடி தொடுபவர் என்றால் சமன்செய்த வகைக்குப் போங்கள். இந்த இரண்டு காரணமும் இல்லை என்றால், கூடுதல் விலை கொடுத்தும் உங்கள் மூச்சில் வித்தியாசம் தெரியப்போவதில்லை.

மிச்சமாகும் பணத்தில் அடுத்த படிப் பயிற்சியை முடியுங்கள். அது இல்லாமல் நல்ல ரெகுலேட்டர் இருந்தும் பயனில்லை. பாக் விரிகுடாவின் கடற்புல் வெளிகளைக் கணக்கெடுக்கவும் காக்கவும் நீருக்குள் இறங்கத் தெரிந்த உள்ளூர்க் கண்கள் வேண்டும். மீமிசலிலும் கோட்டைப்பட்டினத்திலும் வளரும் பிள்ளைகள் நாளை அந்த வேலைக்கு வரும்போது, விலையைக் கண்டு ஒதுங்கவும் கூடாது, மலிவைக் கண்டு ஏமாறவும் கூடாது. எளிய வால்வு ஒன்றை நன்றாகப் புரிந்துகொண்டு ஒழுங்காகப் பராமரிப்பவருக்கு அந்தக் கடலில் இறங்க அதுவே போதும்.